டி3 குறைவு என்று வந்தால் மாத்திரை வேண்டுமா? சர்க்கரை நோய், சிறுநீரகம், தைராய்டு

நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.4. சிறுநீரில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் ஒழுகுகிறது. தைராய்டு ஹார்மோன்களில் ஒன்றான ஃப்ரீ டி3 (புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் உலவும் டி3) இயல்பு வரம்புக்குக் கீழே. இன்னொரு ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச் 6.5, சற்று அதிகம். இப்படி ஓர் அறிக்கை அபூர்வமே அல்ல. ஆனால் இதை வைத்து எடுக்கப்படும் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. டி3 குறைந்துவிட்டதே என்று உடனே தைராக்சின் (டி4 ஹார்மோன் மாத்திரை) எழுதுபவர்கள் உண்டு. சர்க்கரை வந்தால் சிறுநீரகம் கெடத்தான் செய்யும் என்று தைராய்டுப் பக்கமே திரும்பாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு.

இரண்டுமே தவறாகப் போகக்கூடியவை. தைராய்டு கெட்டால் சிறுநீரகத்தின் எண்கள் மாறும். சிறுநீரகம் கெட்டால் தைராய்டின் எண்கள் மாறும். சர்க்கரைக் கட்டுப்பாட்டை அளக்கும் எச்பிஏ1சியை இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கும். இந்த மூன்று அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வற்புறுத்தப் போகிறோம்.

தைராய்டு மந்தமானால் சிறுநீரகத்தில் நடப்பது

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டும் என்பது அதற்கு எவ்வளவு இரத்தம் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. தைராய்டு ஹார்மோன் நன்றாகக் குறைந்துவிட்டால் இதயத் துடிப்பு மெதுவாகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவும் குறைகிறது, உடலெங்கும் சிறு தமனிகள் இறுகுகின்றன. சிறுநீரகத்துக்குள் நுழையும் தமனிகளும் இந்த இறுக்கத்திலிருந்து தப்புவதில்லை. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைந்து வடிகட்டும் வேகம் விழுகிறது. திசு நிரந்தரமாகக் கெடாமலேயே கிரியேட்டினின் ஏறுவது இப்படித்தான். வெளிப்படையான தைராய்டு குறைபாடு உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்த உயர்வைப் பார்க்கலாம். தைராக்சின் தொடங்கினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும்.

சர்க்கரை நோயாளிக்கு இது ஏன் பெரிய விஷயம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 வயதுப் பெண், கிரியேட்டினின் 1.4. இன்று புழக்கத்தில் உள்ள 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 44 வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எப்போது குறைக்க வேண்டும் என்பதற்கான எல்லை 45. அதாவது இந்த எண்ணை அப்படியே நம்பினால் மெட்ஃபார்மின் பாதியாகும். மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய், அதிலும் கீழ்ப் பாதி என்று பெயர் விழும். அவருக்குக் கண்டுபிடிக்கப்படாத தைராய்டு குறைபாடு இருந்து, அதைச் சரிசெய்தபின் கிரியேட்டினின் 1.1க்கு வந்தால் அதே சூத்திரம் 59 என்று காட்டும். சிறுநீரகம் முற்றிலும் நன்றாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் எந்த மருந்தை எவ்வளவு தரலாம், சிறுநீரக மருத்துவரிடம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டும் என்பதெல்லாம் மாறிவிடும்.

அதனால் சர்க்கரை நோயில் கிரியேட்டினின் எதிர்பாராத வேகத்தில் ஏறினால் டிஎஸ்எச் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குறிப்பாக, கிரியேட்டினின் ஏறியும் சிறுநீரில் ஆல்புமின் இல்லாதபோது. சர்க்கரையால் வரும் சிறுநீரகச் சேதத்தில் பலருக்கு ஆல்புமின் ஒழுக்கே முதலில் தலைகாட்டும். சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 30ஐத் தாண்டும். அது 10, 15 என்று நன்றாக இருக்க, கிரியேட்டினின் மட்டும் ஏறுகிறது, கூடவே கொழுப்பும் ஏறியிருக்கிறது, சோடியம் 130ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது, சிபிகே என்ற தசை நொதி உயர்ந்திருக்கிறது என்றால் தைராய்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆல்புமின் இல்லாமலும் சர்க்கரையால் சிறுநீரகம் கெடுவதுண்டு. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் மலிவான ஒரு பரிசோதனை மிச்சமிருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம்.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் வெளிப்படையான குறைபாட்டுக்குத்தான் பொருந்தும்: டிஎஸ்எச் தெளிவாக உயர்ந்து, பெரும்பாலும் 10க்கு மேல் போய், ஃப்ரீ டி4 வரம்புக்குக் கீழே விழுந்த நிலை. நாம் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அறிக்கையில் டிஎஸ்எச் 6.5, ஃப்ரீ டி4 இயல்பு. இந்த அளவு மாற்றம் கிரியேட்டினினை 1.4க்கு ஏற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. அங்கே காரணம் வேறு பக்கம் இருக்கிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டலை மதிப்பிட உதவும் இன்னொரு இரத்தப் புரதமான சிஸ்டாட்டின் சி பற்றியும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கிரியேட்டினின் மேல் ஐயம் வந்தால் இந்தப் பரிசோதனையைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கமாகி வருகிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் சிஸ்டாட்டின் சி எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதையே தைராய்டு ஹார்மோன் மாற்றும். தைராய்டு குறைந்தால் சிஸ்டாட்டின் சி குறையும். கணக்கில் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். தைராய்டு மிகுந்தால் சிஸ்டாட்டின் சி ஏறும். நல்ல சிறுநீரகமும் கெட்டதுபோல் தெரியும். கிரியேட்டினின் சொல்வதற்கு நேர் எதிர். ஆகவே தைராய்டு நிலை சீராகாத ஒருவரிடம் கிரியேட்டினினும் சிஸ்டாட்டினும் முரண்பட்டால், எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. தைராய்டைச் சரிசெய்து, டிஎஸ்எச் வரம்புக்குள் வந்தபின் இரண்டையும் மறுபடி எடுக்க வேண்டும்.

சிறுநீரகம் கெட்டால் தைராய்டு அறிக்கை ஏன் மாறுகிறது

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4ஐத்தான் வெளியிடுகிறது. திசுக்களில் வேலை செய்வது டி3. உடலில் உள்ள டி3யில் சுமார் 80 விழுக்காடு சுரப்பிக்கு வெளியே, டி4இல் இருந்து ஒரு அயோடின் அணுவைக் கழற்றி உண்டாக்கப்படுகிறது. இந்தக் கழற்றும் வேலையைச் செய்யும் டீஅயோடினேஸ் நொதி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நிறைய உண்டு. சிறுநீரகம் சுருங்கச் சுருங்க இந்த மாற்றம் குறைகிறது. இரத்தத்தில் அமிலம் கூடுவது, நாள்பட்ட அழற்சி, சரியாகச் சாப்பிட முடியாமல் போவது ஆகிய மூன்றும் நொதியை இன்னும் அடக்குகின்றன. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் தன் பங்குக்கு இதே மாற்றத்தைக் குறைக்கும். ஆகவே டி3 குறைவு என்பது சிறுநீரக நோயில் காணப்படும் தைராய்டு மாற்றங்களிலேயே மிகச் சாதாரணமானது. டிஎஸ்எச் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். டி4 இயல்பாகவோ சற்றே குறைந்தோ இருக்கும். வேறு கடும் நோய்களில் இதேபோல் டி3 குறையும்போது ரிவர்ஸ் டி3 என்ற செயலற்ற வடிவம் ஏறிவிடும். சிறுநீரக நோயில் அது பெரும்பாலும் ஏறாது. ஆகவே ரிவர்ஸ் டி3 பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதில் இங்கே பலன் ஏதும் இல்லை.

அப்படியானால் சிலரிடம் டிஎஸ்எச் ஏன் 6, 7 என்று நிற்கிறது? அதற்குப் பல காரணங்கள் சேர்கின்றன. டிஎஸ்எச் இரத்தத்திலிருந்து நீங்குவது தாமதமாகிறது. நல்ல உடலில் இரவில் டிஎஸ்எச் உயர்ந்து பகலில் இறங்கும். சிறுநீரக நோயில் அந்த ஏற்றத்தாழ்வு மங்கிவிடுகிறது. மூன்றாவது, அயோடின். நாம் உட்கொள்ளும் அயோடினின் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மெதுவானால் அது உடலில் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சிய அயோடின் தைராய்டு ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்திவிடும். 1948இல் விவரிக்கப்பட்ட உல்ஃப்-சைக்கோஃப் விளைவு இதுதான். நல்ல சுரப்பி சில நாட்களில் இந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். ஹஷிமோட்டோ போன்ற தன்னெதிர்ப்பு நோயால் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் திசுவையே தாக்குவது) ஏற்கெனவே நொந்த சுரப்பி மீளாமல் போகலாம்.

சரி, டி3 குறைந்தவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாக இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவே? சொல்கின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஃப்ரீ டி3 குறையக் குறைய ஆல்புமின் ஒழுக்கு கூடியிருப்பதும், இஜிஎஃப்ஆர் குறைந்திருப்பதும் பலமுறை பதிவாகியிருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் டி3 குறைந்தவர்களிடையே இறப்பும் அதிகம். ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்து பார்த்தவை. எது முதல், எது பின் என்று அவற்றால் சொல்ல முடியாது. மேலே விவரித்த வழிமுறையைப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டதால் டி3 விழுந்தது என்று கொள்வதற்கே நியாயம் அதிகம். காய்ச்சல்மானியில் எண்ணைக் குறைத்துவிட்டால் காய்ச்சல் போய்விடாது. டி3யும் அப்படி ஒரு காட்டிதான். உடல் நோயுற்ற நிலையில் புரதத்தை எரிக்காமல் சேமிக்க டி3யைத் தானே குறைத்துக்கொள்கிறது என்ற விளக்கமும் உண்டு; அது உண்மையென்றால் வெளியிலிருந்து ஹார்மோன் ஊற்றுவது தீங்கே செய்யும். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் தைராக்சின் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியானது. சிறுநீரகம் தேறவில்லை. தைராக்சின் பெற்றவர்களிடையே இறப்புதான் கூடுதலாக இருந்தது. அது வேறு நோய்நிலை என்றாலும், நன்றாகத் தோன்றும் யோசனை ஆளைக் கொல்லவும் கூடும் என்பதற்கு அந்த ஒரு சோதனை போதும்.

எனவே தலைப்பில் உள்ள கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறோம். டி3 மட்டும் குறைந்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் மாத்திரை வேண்டாம். டிஎஸ்எச் வரம்பைத் தாண்டி 10க்குக் கீழே இருந்து ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். தன்னெதிர்ப்பைக் காட்டும் தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களில் இந்த லேசான உயர்வுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்த டிரஸ்ட் ஆய்வு 2017இல் வெளிவந்தது; சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ பலன் கிடைக்கவில்லை. டிஎஸ்எச் 10ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அல்லது ஃப்ரீ டி4 குறைந்தால், அது நிஜமான குறைபாடு. அதை மருந்து கொடுத்துச் சரிசெய்தே ஆகவேண்டும்.

சர்க்கரை நோயில் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதாக நிரூபிக்கப்பட்டவை வேறு. இரத்த அழுத்தத்தோடு ஆல்புமின் ஒழுக்கையும் குறைக்கும் ஏசிஇ தடுப்பான்கள், ஏஆர்பிக்கள். கிரெடென்ஸ் (2019), டாபா-சிகேடி (2020) ஆய்வுகளில் தேறிய சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள். ஃபிடெலியோ (2020) வழியாக வந்த ஃபினெரெனோன் மாத்திரை. 2024இல் ஃப்ளோ ஆய்வு காட்டிய வாராந்திர செமாக்ளூடைடு ஊசி. டி3யைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இவற்றில் எதையெல்லாம் இன்னும் தொடங்கவில்லை என்று கவலைப்பட்டிருந்தால் பல சிறுநீரகங்கள் பிழைத்திருக்கும்.

புரதம் நிறைய ஒழுகும்போது

நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகும் நிலை வந்தால் கணக்கு வேறு. இரத்தத்தில் டி4ஐச் சுமந்து செல்பவை தைராக்சின் பிணைப்புக் குளோபுலின், டிரான்ஸ்தைரெட்டின், ஆல்புமின் ஆகிய மூன்று புரதங்கள். ஆல்புமினோடு சேர்ந்து மற்ற இரண்டும் ஒழுகும். அவற்றோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனும் போய்விடும். மொத்த டி4, மொத்த டி3 அளவுகள் தாழ்ந்து வரும். இந்த நோயாளிகளுக்கு 'மொத்த' அளவுகளைப் பார்க்கவே கூடாது; ஃப்ரீ டி4ஐயும் டிஎஸ்எச்சையும்தான் பார்க்க வேண்டும். சுரப்பி நன்றாக இருந்தால் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே சுரப்பியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர்கள், பல ஆண்டுகளாகத் தைராக்சினை நம்பியிருப்பவர்கள் ஆகியோரால் ஈடுகட்ட முடியாது. வருடக்கணக்கில் 100 மைக்ரோகிராமில் சீராக இருந்தவருக்கு டிஎஸ்எச் திடீரென்று 15க்குப் போனால், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவரைக் குறைசொல்வதற்கு முன் சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பின்னர் சிகிச்சையில் ஒழுக்கு குறைந்தால் கூட்டிய அளவை மறக்காமல் திரும்பக் குறைக்கவும் வேண்டும். இந்த இரண்டாம் பாதிதான் அடிக்கடி மறந்துபோகிறது.

இன்னொன்று. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் என்றால் சர்க்கரைதான் காரணம் என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயோடு மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி போன்ற வடிகட்டி நோய்கள் சேர்ந்து வருவதுண்டு. கண்ணின் விழித்திரையில் சர்க்கரைச் சேதம் இல்லை, புரத ஒழுக்கு சில வாரங்களில் திடுமென ஏறியது, சிறுநீரில் இரத்த அணுக்கள் தெரிகின்றன என்றால் சிறுநீரகத் திசுப் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும்.

எச்பிஏ1சி எந்தப் பக்கம் பொய் சொல்கிறது

சிவப்பணு இரத்தத்தில் எத்தனை நாள் சுற்றுகிறதோ அத்தனை நாள் அதன்மேல் சர்க்கரை ஒட்டும்; எச்பிஏ1சி அதைத்தான் அளக்கிறது. தைராய்டு குறைந்தால் புதிய சிவப்பணு உற்பத்தி மந்தமாகிறது. பழைய அணுக்களின் விகிதம் கூடுகிறது. உண்மையான சர்க்கரை மாறாமலே எச்பிஏ1சி உயர்ந்து காட்டும். தைராக்சின் தொடங்கியபின் எச்பிஏ1சி இறங்கினால் அதில் ஒரு பகுதி வெறும் கணக்கு மாற்றம்தான். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று இன்சுலினைக் கைவிட்டுவிடக் கூடாது. மறுபக்கம், முற்றிய சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டால் இளம் அணுக்கள் பெருகுகின்றன. இரண்டுமே எச்பிஏ1சியைப் பொய்யாகத் தாழ்த்தும். இரும்புச்சத்துக் குறைபாடு மறுபடியும் மேலே இழுக்கும்.

எச்பிஏ1சி நம்பகமில்லை என்றால் கிளைகேட்டட் ஆல்புமின் (சர்க்கரை ஒட்டிய ஆல்புமின்) பார்க்கலாமே என்பார்கள். அதுவும் இங்கே சிக்கல்தான். தைராய்டு குறைபாட்டில் ஆல்புமின் மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதால் அது உயர்ந்து காட்டும். புரத ஒழுக்கில் ஆல்புமின் சீக்கிரம் போய்விடுவதால் தாழ்ந்து காட்டும். இந்த மூன்று நோயும் சேர்ந்தவர்களுக்கு விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளின் பதிவேடோ, தொடர் குளுக்கோஸ் சென்சாரோதான் நம்பத்தகுந்தது. காலை வெறும் வயிறு, உணவுக்கு இரண்டு மணி நேரம் பின்பு, படுக்கும்முன் என்று இரண்டு வாரம் எழுதிவைத்தால் எச்பிஏ1சி மறைப்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தப் பதிவேடு உயிரையே காக்கலாம். ஊசியாகப் போடும் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. அது கெட்டால் இன்சுலின் நீண்டநேரம் தங்கும். தைராய்டு குறைபாடும் இன்சுலின் நீங்குவதைத் தாமதப்படுத்தும். கல்லீரலிலிருந்து குளுக்கோஸ் வெளிவருவதையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்த ஒருவருக்கு, நேற்றுவரை சரியாக இருந்த இன்சுலின் அளவே தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் ஆபத்து. சிறுநீரகம் மெதுவானால் அதன் வேதி எச்சங்கள் உடலில் சேர்ந்து மணிக்கணக்கில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாத தாழ்சர்க்கரை மீண்டும் மீண்டும் வந்தால் கிரியேட்டினினும் டிஎஸ்எச்சும் சேர்த்தே பார்க்க வேண்டும். தைராக்சின் தொடங்கியபின் நிலைமை திரும்பும்: இன்சுலின் தேவை கூடும். முதல் இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை ஏறினால் உணவுக் கட்டுப்பாடு தவறிவிட்டது என்று நோயாளி தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

இரத்தம் எடுக்கும்போது கெடும் எண்கள்

முடி உதிராமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையில் பெரும்பாலும் 5 அல்லது 10 மி.கி. இருக்கும். உடலின் தேவை நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் அளவே. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் பண்பை வைத்தே இயங்குகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டிஎஸ்எச் பொய்யாகத் தாழ்ந்தும் டி4, டி3 பொய்யாக உயர்ந்தும் வரும். பார்ப்பதற்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோலவே இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தினால் போதும். பயோட்டின் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சிறுநீரக நோயாளிகளுக்கு அதைவிடப் பல நாட்கள் ஆகலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தரப்படும் வைட்டமின் மாத்திரைகளிலும் பயோட்டின் உண்டு என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

டயாலிசிஸ் நடக்கும்போதோ முடிந்த உடனேயோ ஃப்ரீ டி4க்கு இரத்தம் எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபரின் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கும். அவை சோதனைக் குழாயில்கூட டி4ஐப் புரதத்திலிருந்து பிரித்துவிடும். அளவு பொய்யாக உயரும். ஊசி குத்தியதும், ஹெபரின் போடும் முன்பு எடுப்பதே சரி. மருத்துவமனையில் கடும் நோயோடு படுத்திருப்பவருக்குத் தைராய்டு பரிசோதனையைத் தேவையில்லாமல் செய்யாமல், தேறிச் சில வாரங்கள் கழித்துச் செய்தால் பாதிக் குழப்பம் வராது.

மாத்திரை தொடங்கினால்

முழு மாற்று அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்ரோகிராம், 70 கிலோ உள்ளவருக்கு 112. ஆனால் சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்தவருக்கு இதயத் தமனிகளும் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். முழு அளவில் தொடங்கினால் நெஞ்சுவலியோ படபடப்போ வரக்கூடும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து 12.5 அல்லது 25 ஆகக் கூட்டிப் போவதே பாதுகாப்பு. தைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். இரண்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்த்து அளவை மாற்றுவதில் பொருள் இல்லை. அதற்குள் அது நிலைக்கு வந்திருக்காது.

சிறுநீரக நோயாளியின் மாத்திரைப் பெட்டியில்தான் தைராக்சினுக்கு எதிரிகள் அதிகம். பாஸ்பேட்டைப் பிடிக்கும் செவிலமர், கால்சியம் கார்பனேட், லாந்தனம், இரும்பு மாத்திரை, அமிலக் குறைப்பு மருந்துகளில் அலுமினியம் உள்ளவை, பொட்டாசியத்தை இறக்கும் பிசின்கள் ஆகியவை குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். இவற்றுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மருந்துகள் வயிற்றின் அமிலத்தைக் குறைத்து மாத்திரை கரைவதைக் கெடுக்கும். இடைவெளி விட்டாலும் இது தீராது, அளவைத்தான் கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்று வேளை உணவோடும் செவிலமர் விழுங்குபவருக்குக் காலையில் நான்கு மணி நேர இடைவெளி எங்கே கிடைக்கும்? கிடைக்காது. அவர்களுக்குப் படுக்கும்போது, இரவு உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து, தண்ணீரோடு தைராக்சின் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இரவு உணவோடு செவிலமர் போட்டிருந்தால் நான்கு மணி நேரம் காத்திருக்கலாம். அல்லது மருத்துவரைக் கேட்டு பாஸ்பேட் மருந்தின் பெரும்பங்கை மதிய உணவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் நாள்தோறும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போகிறதே என்று அளவை 125, 150, 175 என்று உயர்த்திக்கொண்டே போவதற்கு முன் எதை எப்போது விழுங்குகிறார் என்று ஒரு நாளின் கால அட்டவணையை எழுதச் சொல்லுங்கள். விடை பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்கும்.

மாத்திரை வடிவ செமாக்ளூடைடு புதிய சிக்கல். அதையும் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது உடலுக்குள் போன டி4 சுமார் 33 விழுக்காடு கூடியது. செமாக்ளூடைடைக் காலையிலும் தைராக்சினை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். எப்படி வைத்தாலும் அதைத் தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். இந்த வகை மருந்துகளில் உள்ள தைராய்டு எச்சரிக்கை மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் பற்றியது. தனக்கோ குடும்பத்திலோ அந்தப் புற்றுநோய் அல்லது மென்2 என்ற பரம்பரைச் சுரப்பிக் கட்டி நோய் இருந்தால் போடக் கூடாது. சாதாரணத் தைராய்டு குறைபாடு தடையே இல்லை.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் பற்றியும் ஒரு வார்த்தை. தைராய்டு குறைபாட்டால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறும். அது தெரியாமல் ஸ்டாட்டினை அதிக அளவில் தொடங்கினால் தசை சிதையும் ஆபத்து கூடுகிறது. சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்தை அடைக்கும். ஸ்டாட்டின் தொடங்கியபின் தொடை, தோள் வலியோடு சிறுநீர் கருத்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்; சிபிகே, கிரியேட்டினின், டிஎஸ்எச் மூன்றையும் பார்க்க வேண்டும். எரித்ரோபாய்ட்டின் ஊசி எவ்வளவு போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றாலும், இரும்பைப் பார்த்த பின் டிஎஸ்எச்சைப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கம்: தைராய்டு மிகுந்தால்

ஹார்மோன் மிகுந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் அதிகமாகப் பாயும். வடிகட்டும் வேகம் கூடும். தசை கரைவதால் கிரியேட்டினின் உற்பத்தியே குறையும். இரண்டும் சேர்ந்து கிரியேட்டினின் அழகாக 0.7 என்று காட்டும். உள்ளே இருக்கும் சர்க்கரைச் சிறுநீரக நோய் மறைந்துகிடக்கும். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் கொடுத்துத் தைராய்டு சீரானதும் கிரியேட்டினின் 1.2க்கு வந்து நிற்கும். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று பதறி அதை நிறுத்துவது தவறு. மறைந்திருந்தது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் இதே வேலையைச் செய்யும் புரோபைல்தயோயுராசில் சாப்பிடுபவருக்குக் கிரியேட்டினின் ஏறுவதோடு சிறுநீரில் இரத்தமும் வந்தால் அது வேறு கதை: ஆன்கா வகை இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்.

இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரப்படும் அமியோடரோன் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது, நாளொன்றுக்கு நமக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம். தைராய்டை இரண்டு பக்கமும் கெடுக்கக்கூடிய மருந்து இது. தொடங்கும் முன்பும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். ஆஞ்சியோகிராம், சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்குப் பின் கிரியேட்டினினை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே தைராய்டு நோய் உள்ளவர்களுக்கு ஒரு மாதம் கழித்து டிஎஸ்எச்சையும் பார்ப்பது பயன் தரும்.

முதல் வகைச் சர்க்கரை நோய்

முதல் வகைச் சர்க்கரை நோய் தன்னெதிர்ப்பு நோய் என்பதால் தைராய்டு நோயும் அதோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது. நோய் கண்டறிந்து சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் டிஎஸ்எச் பார்த்து, குழந்தைகளுக்கு அதன்பின் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நடைமுறை. சர்க்கரை ஏறிக் கீட்டோன் அமிலத்தோடு மருத்துவமனையில் இருக்கும்போது எடுத்த தைராய்டு அளவுகளை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இவர்களிடம் தைராக்சின் தொடங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இதே தன்னெதிர்ப்பு அட்ரினல் சுரப்பியையும் தாக்கி அடிசன் நோயை உண்டாக்கலாம். எடை குறைவது, இரத்த அழுத்தம் தாழ்வது, தோல் கருப்பது, காரணமில்லாமல் இன்சுலின் தேவை குறைந்து தாழ்சர்க்கரை வருவது, சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுநீரக நோய் இருப்பவரிடம் பொட்டாசியம் ஏறினால் சிறுநீரகத்தின்மேலோ ஏசிஇ தடுப்பானின்மேலோ பழிபோட்டுவிடுவது எளிது. அடிசன் அங்கேதான் தப்பிவிடுகிறது. அதில் டிஎஸ்எச் சற்று உயர்ந்தும் இருக்கும் என்பதால் தைராய்டு குறைபாடு என்றே தோன்றும். அந்த நிலையில் தைராக்சின் தொடங்கினால் அட்ரினல் சுரந்து உடலில் மிஞ்சியிருக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் இன்னும் வேகமாகச் செலவாகி, சில நாட்களில் நோயாளி மயங்கிச் சரியலாம். காலை எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால் ஒன்று போதும், இதைச் சந்தேகிக்க. அது குறைவாக வந்தால் அதற்கு மாற்றான ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில். கார்ட்டிசால் குறை சரியாகிச் சில வாரங்கள் கழித்து டிஎஸ்எச்சை மறுபடி எடுத்து, அப்போதும் உயர்ந்தே இருந்தால்தான் தைராக்சின்.